சென்னையின் முதல் மேயர் யார்? இரண்டு பதில்கள் உலவுவது ஏன்?

போட்டித் தேர்வுக்குப் படித்துவரும் நண்பர் ஒருவர், சென்னையின் முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன் என்று ஒரு நூலிலும், குமாரராஜா முத்தையா செட்டியார் என்று இன்னொரு நூலிலும் இருப்பதைக் கண்டு, எது சரி என்று கேட்டிருக்கிறார். மாநகராட்சி 1688இலேயே பிறந்துவிட்டது என்றால் இவ்விருவருக்கும் நடுவே ஏறத்தாழ 250 ஆண்டுகள் இருக்கின்றனவே, அத்தனை காலமும் ஊரை நடத்தியது யார் என்பது அவருடைய இரண்டாவது கேள்வி. உண்மையில் விடை காண வேண்டியது இந்த இரண்டாவது கேள்விக்குத்தான். அது தெளிந்தால் முதற்கேள்வி தானே அவிழ்ந்துவிடும். நகராட்சி வரலாற்றைப் பல ஆண்டுகள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில், இதில் நேரும் குழப்பத்தின் வேரை நான் நன்கு அறிவேன். மேயர் என்ற பதவியும், ஊரைப் பராமரிக்கும் நகராட்சி என்ற அமைப்பும், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மன்றமும் வெவ்வேறு காலங்களில் தோன்றிய மூன்று தனித்தனிப் பொருள்கள். பாடநூல்கள் மூன்றையும் ஒரே கயிறாகத் திரித்து 1688இல் கொண்டுபோய்க் கட்டிவிடுகின்றன.

ஐயத்துக்கு இடமில்லாத செய்திகளை முதலில் சொல்கிறேன். கிழக்கிந்தியக் கம்பெனி 1687 டிசம்பர் 30 அன்று லண்டனில் ஒரு பட்டயம் வெளியிட்டது. அதன்படி 1688 செப்டம்பர் 29 அன்று மதராஸ் மாநகராட்சி தொடங்கிவைக்கப்பட்டது. ஒரு மேயர், 12 ஆல்டர்மேன்கள் (மேயருடன் அமரும் மூத்த உறுப்பினர்கள்), 60 பர்ஜெஸ்கள் (நகரக் குடிகளிலிருந்து வரும் சாதாரண உறுப்பினர்கள்) என்பது அதன் கட்டமைப்பு. ஆளுநராக இருந்தவர் எலைகு யேல். முதல் மேயர் ஹிக்கின்சன். ஆல்டர்மேன்களுள் மூவர் நம் நாட்டு வணிகர்கள்: சின்ன வெங்கடாத்ரி, முத்த வீரண்ணா, ஆலங்காத்தா பிள்ளை. வைர வணிகத்துக்காக இங்கே தங்கியிருந்த யூதர்களும் போர்த்துகீசிய வணிகர்களும் அதே அவையில் இடம்பெற்றனர். யேல் பிறந்தது பாஸ்டனில், ஹிக்கின்சன் பிறந்தது கனெக்டிகட்டில். ஆக, மதராஸின் முதல் மேயரும் அன்றைய ஆளுநரும் அமெரிக்க மண்ணில் பிறந்தவர்கள் என்பது தேர்வில் கேட்கப்படாவிட்டாலும் நினைவில் வைத்துக்கொள்ளத் தக்கது.

கம்பெனி இந்த அமைப்பை ஏன் உண்டாக்கியது என்பதைத்தான் நூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. கறுப்பர் பட்டணம் என்று அப்போது அழைக்கப்பட்ட, கோட்டைக்கு வடக்கே இருந்த நம்மவர் குடியிருப்பில், மதில் முதலிய செலவுகளுக்காகக் கம்பெனி வீட்டுவரி விதிக்க முயன்றது. 1686இன் தொடக்கத்தில் மக்கள் கடைகளை அடைத்து எதிர்த்தனர். அப்போதைய ஆளுநர் வில்லியம் கிஃபர்டு மிரட்டித்தான் அதை அடக்க வேண்டியிருந்தது. லண்டனில் கம்பெனியை நடத்திவந்த சர் ஜோசையா சைல்டு இதிலிருந்து ஒரு பாடம் கற்றார். அதிகாரத்தால் விதிக்கும் ஆறு பென்ஸை விட, தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொள்ளும் ஐந்து ஷில்லிங்கை (அதைப் போல் பத்து மடங்கு) மக்கள் மனமுவந்து கொடுப்பார்கள் என்ற கருத்துப்படவே இங்கிருந்தவர்களுக்கு லண்டனிலிருந்து கடிதம் வந்தது. நகர மண்டபம், சிறைச்சாலை, பள்ளிக்கூடம் ஆகியவை அந்த வரியிலிருந்து எழ வேண்டும் என்று பட்டயம் எதிர்பார்த்தது. ஆகவே தன்னாட்சியின் மீது கொண்ட பற்றினால் இந்த மாநகராட்சி பிறந்தது என்று எழுதுவது மிகை. வரி தண்டுவதற்கு உள்ளூர்ப் பெருமக்களின் முகம் தேவைப்பட்டது. அந்த முகத்துக்குச் செந்நிற அங்கியும் பட்டமும் கொடுக்கப்பட்டன.

அங்கி என்று சொன்னது அணிக்காக அன்று. மேயரும் ஆல்டர்மேன்களும் ஒரே மாதிரியாகத் தைத்த செந்நிற அங்கி அணிய வேண்டும், பர்ஜெஸ்கள் வெள்ளைச் சீனப்பட்டு அணிய வேண்டும், மேயருக்கு முன்னே முலாம் பூசிய வெள்ளிக்கோல்கள் செல்ல வேண்டும், குடை பிடிக்க வேண்டும், லண்டன் மேயரைப் போலக் குதிரைமீது ஊர்வலம் வரலாம் என்றெல்லாம் விரிவாக வகுக்கப்பட்டது. இன்றும் மாமன்றக் கூட்டத்துக்கு மேயர் அங்கியுடன் வருவதும், அவருக்கு முன்னே செங்கோல் வருவதும் அந்த மரபின் எச்சங்கள். வரிதான் நினைத்தபடி வரவில்லை. வசூல் கடினமாகவே இருந்தது. ஹிக்கின்சன் ஆறே மாதங்களில் பதவியிலிருந்து விலகினார், லிட்டில்டன் அவ்விடத்துக்கு வந்தார். ஹிக்கின்சன் பின்னர் 1692இல் யேலுக்குப் பிறகு ஆளுநரானார் என்பதால், அந்த விலகலை ஒரு வீழ்ச்சியாகக் கொள்ள வேண்டியதில்லை.

அந்தக் காலத்து மேயர் இன்றைய மேயரைப் போல் தெருவிளக்கையும் சாக்கடையையும் பார்த்துக்கொண்டவர் என்று எண்ணினால் படம் தவறாகிவிடும். அவர் முதன்மையாக ஒரு நீதிபதி. மேயரும் ஆல்டர்மேன்களும் கூடி அமர்ந்தது மேயர் நீதிமன்றம். கடன் வழக்கு, சொத்து வழக்கு, குற்ற வழக்கு ஆகியவற்றை அது விசாரித்தது. 1726இல் முதலாம் ஜார்ஜ் மன்னர் மதராஸ், பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களுக்கும் சேர்த்து ஒரு புதிய பட்டயம் வழங்கியபோது இந்தத் தன்மை மேலும் உறுதிப்பட்டது. மேயரும் ஒன்பது ஆல்டர்மேன்களும் கொண்ட அவை, ஏறக்குறைய முழுவதும் ஒரு நீதிமன்றமாகவே ஆயிற்று. அதில் எழுவர் பிரிட்டிஷ் மன்னரின் பிறவிக்குடிகளாக இருக்க வேண்டும் என்ற விதி வந்ததால், 1688இல் நம் நாட்டு வணிகருக்கு இருந்த இடமும் நழுவியது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் நகரைப் பிடித்தபோது எல்லாம் நின்றுபோய், ஊர் 1749இல் திரும்பக் கிடைத்த பின், 1753இல் மற்றொரு பட்டயத்தால் உயிர் பெற்றது. அப்போது அவை இருவரின் பெயரை அனுப்ப, ஆளுநரும் அவருடைய ஆலோசனைக் குழுவும் அவர்களில் ஒருவரை மேயராக்கும் முறை வந்தது. இந்தியர்களுக்கு இடையேயான வழக்குகள், இரு தரப்பும் உடன்பட்டாலன்றி, அந்த நீதிமன்றத்தின் வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டன.

நீதிமன்றமாக வாழ்ந்த பதவி, நீதிமன்றச் சீர்திருத்தத்தாலேயே மாண்டது. தொழில்முறை நீதிபதி ஒருவரைத் தலைமையாகக் கொண்ட ரெக்கார்டர் நீதிமன்றம் 1798இல் வந்தது. சர் தாமஸ் ஸ்டிரேஞ்ச் அதன் ரெக்கார்டர். மேயரும் ஆல்டர்மேன்களும் அவருக்குப் பக்கத்தில் அமரும் நிலைக்கு இறங்கினர். 1801இல் உச்ச நீதிமன்றம் (சுப்ரீம் கோர்ட் என்று அன்று சொல்லப்பட்டது, இன்றைய டெல்லி நீதிமன்றத்துடன் குழப்பிக்கொள்ளக் கூடாது) திறக்கப்பட்டதும், மேயருக்குச் செய்ய வேலையே இல்லாமற்போயிற்று. மதராஸில் மேயர் என்ற சொல் அன்றோடு மறைந்தது. அது திரும்பி வர 132 ஆண்டுகள் ஆயின.

அப்படியானால் ஊரை யார் கூட்டினார்கள், தெருவை யார் செப்பனிட்டார்கள்? 1793ஆம் ஆண்டின் பட்டயச் சட்டம் அதற்கு வழி செய்திருந்தது. ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் எனப்பட்ட நீதிபதிகளுக்கு, வீடுகளின் ஆண்டு மதிப்பில் இருபதில் ஒரு பங்குக்கு மிகாமல் வரி விதித்து, துப்புரவு, காவல், சாலைப் பழுதுபார்ப்பு ஆகிய மூன்றையும் செய்ய அச்சட்டம் அதிகாரம் அளித்தது. இன்று நாம் கட்டும் சொத்து வரியின் பாட்டனாரை இங்கேதான் தேட வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் முதன்முறையாக ஒரு நிலையான வரியும், அதைச் செலவிடுவதற்கான வரையறுத்த பணிகளும் இந்தச் சட்டத்தில்தான் ஒன்றாக இணைகின்றன. மேயர் அல்லாத இந்த நீதிபதிகள், அங்கி அணிந்த மேயர்களை விட நகராட்சிக்கு நெருங்கியவர்கள். பாடநூல்களில் இவர்களுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

பிறகு வந்த மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1856இல் சம்பளம் பெறும் மூன்று நகராட்சி ஆணையர்கள் அமர்த்தப்பட்டனர். 1867இன் சட்டம் நகரை எட்டு வார்டுகளாகப் பிரித்து, வார்டுக்கு நால்வராக 32 ஆணையர்களையும் ஒரு தலைவரையும் அரசே நியமிக்கும் முறையைக் கொண்டுவந்தது. வாக்குச்சீட்டு உள்ளே நுழைந்தது 1878இல். 32 பேரில் பாதிப்பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தனர். உள்ளாட்சி பற்றி அன்றைய வைஸ்ராய் ரிப்பன் பிரபு 1882இல் வெளியிட்ட தீர்மானத்தின் விளைவாக 1884இல் தேர்ந்தெடுக்கப்படுவோர் 24 பேராக உயர்ந்தனர். இந்த ஏற்றம் நிலைக்கவில்லை. 1904ஆம் ஆண்டுச் சட்டத்தில் உறுப்பினர் எண்ணிக்கை 36 ஆகக் கூடியது, ஆனால் வார்டு வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் இடம் 20 ஆகக் குறைந்தது. ஆங்கிலேயர் செல்வாக்கு மிகுந்த வணிகச் சங்கங்களுக்குத் தனி இடங்கள் போயின. அப்படிக் கொடுத்ததைப் பாதி பறித்துக்கொண்ட சில ஆண்டுகளுக்குள்ளேயே, உள்ளாட்சியின் தந்தை என்று போற்றி ரிப்பனின் பெயரில் கட்டடம் எழுந்தது. ரிப்பன் மாளிகைக்கு 1909இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1913இல் திறப்பு விழா நடந்தது. அதுவரை எர்ரபாலு செட்டித் தெருவில் இயங்கிய அலுவலகம் வெள்ளை மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. லோகநாத முதலியார் கட்டி முடித்த அந்த மாளிகையின் செலவு ஏறக்குறைய ஏழரை லட்சம் ரூபாய்.

இன்றைய மாநகராட்சிக்கு எலும்புக்கூட்டைத் தந்தது 1919ஆம் ஆண்டின் மதராஸ் நகர முனிசிபல் சட்டம். அது 50 உறுப்பினர் கொண்ட மன்றத்தை ஏற்படுத்தி, தன் தலைவரைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையை அதற்குக் கொடுத்தது. அதே கையால் நிர்வாக அதிகாரத்தை அரசு நியமிக்கும் ஆணையரிடம் ஒப்படைத்தது. மன்றம் முடிவெடுக்கும், ஆணையர் செயற்படுத்துவார் என்ற இந்தப் பிளவு நூறாண்டு கடந்தும் மாறவில்லை. மேயருக்கும் ஆணையருக்கும் இடையே உரசல் என்று செய்தி வரும்போதெல்லாம் அதன் மூலம் இந்தச் சட்டத்தில் இருக்கிறது. இச்சட்டத்தின்கீழ் தேர்ந்தெடுக்கப்பட்ட, அரசு அதிகாரியல்லாத முதல் தலைவர் சர் பி. தியாகராய செட்டியார். அவர் காலத்தில்தான் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில், ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட்டு மதிய உணவு வழங்கும் தீர்மானம் 1920இல் நிறைவேறியது. பின்னாளில் மாநிலம் முழுவதும் பரவிய திட்டத்தின் முன்னோடியாக இதைக் குறிப்பிடுவது நியாயமே. ஆனால் இதிலிருந்து இன்றுவரை இடையறாது தொடர்ந்ததாக எழுதுவது தவறு. நகராட்சியின் அந்த முயற்சி, செலவை அரசு ஏற்காததால் சில ஆண்டுகளில் நின்றுபோனது.

இனி முத்தையா செட்டியாருக்கு வருவோம். மன்றத்தின் தலைவர் பதவிக்கு மேயர் என்ற பழைய பெயரை மீண்டும் சூட்டும் சட்டத்திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது தலைவர் நாற்காலியில் இருந்தவர் அவர். எனவே 1933இல் அவரே மேயரானார். இந்தியர்களில் முதல் மேயர், மீட்கப்பட்ட பதவியின் முதல் மேயர் என்ற இரண்டு அடைமொழிகளும் அவருக்குப் பொருந்தும். அடைமொழியின்றி முதல் மேயர் என்று எழுதும்போதுதான் ஹிக்கின்சனுடன் மோதல் வருகிறது. அன்றைய மேயரின் பதவிக்காலம் ஓராண்டு. அதனால் பெயர்ப் பட்டியல் நீளமானது, பல சமூகத்தவரையும் கொண்டது. தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து முதல் மேயராக 1937இல் வந்த ஜே. சிவசண்முகம் பிள்ளை பின்னர் சட்டமன்றத் தலைவராகவும் உயர்ந்தார்; 1945இல் என். சிவராஜ் மேயரானார், 1950களின் பிற்பகுதியில் தாரா செரியன் முதல் பெண் மேயரானார், 1971இல் காமாட்சி ஜெயராமன் இரண்டாவது பெண் மேயரானார்.

ஓராண்டுக்குள் ஒரு மேயர் என்ன செய்துவிட முடியும் என்று மாணவர்கள் கேட்கும்போது நான் சத்தியமூர்த்தியைக் காட்டுவது வழக்கம். 1939இல் மேயரான அவர் எடுத்துக்கொண்ட வேலை, குடிநீர். 1872 முதல் செங்குன்றம் ஏரியின் நீரைக் கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்து வாழ்ந்த நகரம், வளர்ந்து தாகப்பட்டுக்கொண்டிருந்தது. போர்க்காலத்தில் பணமும் பொருளும் கிடைப்பது அரிதாக இருந்தும், கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் கட்டும் திட்டத்துக்கு ஒப்புதல் பெற்று, 1940இல் அடிக்கல் நாட்டச் செய்தார். 1944இல் அது முடிந்தபோது அவர் உயிருடன் இல்லை. 1943 மார்ச்சில் காலமாகிவிட்டார். அந்த நீர்த்தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தி சாகர் என்ற பெயர் வந்தது அதனால்தான். மேயர் பதவிக்குச் சட்டம் கொடுத்த அதிகாரம் குறைவு. அதில் அமர்ந்தவரின் செல்வாக்கு கூடினால் அந்தக் குறை மறையும் என்பதை இது காட்டுகிறது. 1959இல் 100 இடங்கள் கொண்ட மன்றத்தில் திராவிட முன்னேற்றக் கழகம் முதன்முறையாக மேயர் பதவியைப் பிடித்து, அ.பொ. அரசு மேயரானபோது, மாநில ஆட்சிக்குச் செல்லும் பாதையில் ரிப்பன் மாளிகை ஒரு படியாக மாறியது. எட்டாண்டுகளில் அக்கட்சி கோட்டையைப் பிடித்தது.

1973இல் மன்றம் கலைக்கப்பட்டது. வேலைக்கு வராத தொழிலாளர் பெயரில் ஊதியம் எடுக்கப்பட்டது என்ற மஸ்டர் ரோல் ஊழல் புகாரே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். கலைத்தது உறுதி, புகார் எழுந்ததும் உறுதி. அதில் அரசியல் கணக்கு எவ்வளவு என்பதில் அன்றிருந்தவர்களே ஒத்துப்போகாததால், அதற்குள் நான் போகவில்லை. மன்றத்துக்குப் பதிலாக அரசு அதிகாரி ஒருவர் நடத்தும் தனி அலுவலர் ஆட்சி, தற்காலிகம் என்று தொடங்கி 23 ஆண்டுகள் நீடித்தது. இடையில் ஒரு தலைமுறையே கவுன்சிலர் என்றால் என்னவென்று அறியாமல் வளர்ந்தது. மன்றம் இல்லாத அதே காலத்தில், 1978இல் குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்துக்குப் போயின. நகரமைப்பு ஏற்கெனவே பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் சென்றிருந்தது. சத்தியமூர்த்தி செய்ததை இன்றைய மேயர் செய்ய முடியாது. பூண்டி இப்போது அவர் கையில் இல்லை.

உள்ளாட்சிகளுக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலத்தையும், கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தலையும் கட்டாயமாக்கிய 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்த பிறகே 1996 தேர்தல் நடந்தது. அதில் நகரத்து வாக்காளர் அனைவரும் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த முதல் மேயர் மு.க. ஸ்டாலின். 2001இல் மீண்டும் வென்ற அவர், ஒருவர் இரண்டு பதவி வகிப்பதைத் தடுக்கும் சட்டம் 2002இல் வந்ததை அடுத்து மேயர் பதவியை இழந்தார். 2006இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும் மறைமுக முறையில் மா. சுப்பிரமணியன் வந்தார். 2011இல் நேரடி முறைக்குத் திரும்பியபோது சைதை துரைசாமி வந்தார். அந்த ஆண்டில்தான் அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர் உள்ளிட்ட 42 உள்ளாட்சிகளை இணைத்து, 174 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 426 சதுர கிலோமீட்டராகவும், 155 வார்டுகள் 200 ஆகவும் விரிந்தன. 2016இல் தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மறுபடியும் தனி அலுவலர் ஆட்சி. அரசியலமைப்பே கட்டாயமாக்கிய பிறகும் இந்த இடைவெளி எப்படி நேர்ந்தது என்பது சட்ட வல்லுநர் விடையளிக்க வேண்டிய கேள்வி. என் பயிற்சி வரலாற்றோடு நின்றுவிடுகிறது. 2022 மார்ச்சில் ஆர். பிரியா மேயரானார். தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து இப்பதவிக்கு வந்த முதல் பெண் அவர். பெண் மேயர்களில் மூன்றாமவர்.

1688 முதல் 2022 வரையிலான 334 ஆண்டுகளைக் கூட்டிக் கழித்தால், மேயர் பதவி உயிரோடு இருந்தது தோராயமாக 173 ஆண்டுகள். இல்லாமல் கழிந்தது 160 ஆண்டுகள். பிரெஞ்சுக்காரர் கால முறிவைச் சேர்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடும். ஆகவே இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி என்ற வாசகத்தைப் பட்டயத் தேதியைப் பற்றிய கூற்றாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளும் ஒரு நெருடல் உண்டு: போர்த்துகீசியர் கோவாவில் 16ஆம் நூற்றாண்டிலேயே நகர மன்றம் அமைத்துவிட்டனர். ஆங்கிலேயர் இந்தியாவில் நிறுவியவற்றுள் மிகப் பழையது என்றால் மறுப்பே இல்லை. லண்டனுக்கு அடுத்து உலகிலேயே இரண்டாவது என்று சிலர் எழுதுவது பிழை. பிரிட்டனிலேயே அதைவிடப் பழைய நகராட்சிகள் பல இருந்தன, நியூயார்க்கில் 1665இலேயே மேயர் இருந்தார். உத்திரமேரூர்க் கல்வெட்டிலிருந்து மதராஸ் மாநகராட்சிக்குக் கோடு இழுப்பவர்களும் உண்டு. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறை பெருமைக்குரியதுதான்; ஆனால் லண்டனில் எழுதப்பட்ட 1687ஆம் ஆண்டுப் பட்டயம் எடுத்துக்கொண்ட மாதிரி லண்டன் மாநகராட்சி. பெருமைக்காக இரண்டையும் முடிச்சுப் போட ஆதாரம் இடந்தராது.

உங்கள் தேர்வுக்கு வேண்டியது இவ்வளவே: மதராஸ் மாநகராட்சியின் முதல் மேயர் என்று கேட்டால் ஹிக்கின்சன், 1688, முதல் இந்திய மேயர் என்றால் முத்தையா செட்டியார், 1933, தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவர் என்றால் தியாகராய செட்டியார், மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் மேயர் என்றால் 1996இன் ஸ்டாலின். கேள்வித்தாளில் அடைமொழி ஏதுமின்றி முதல் மேயர் என்று மட்டும் இருந்து, விடைகளில் ஹிக்கின்சன் பெயரும் இருந்தால், அதையே தேர்ந்தெடுங்கள். அவர் பெயர் இல்லாவிட்டால் கேள்வி கேட்டவர் 1933ஐ மனத்தில் வைத்திருக்கிறார் என்று கொள்ளலாம்.